எளிதில் சரிபார்க்கலாம், உட்கருதான் கடினம்: பல்லுறுப்புக்கோவை வளையங்களில் சுழிபடு வகையீடுகள்

ய⁵ என்பதை ஐந்து முறை வகையிட்டால் 120 வரும், ஆறாவது முறை 0. ய⁵⁰ என்றால் 51 முறை வகையிட வேண்டும். எந்தப் பல்லுறுப்புக்கோவையை எடுத்தாலும் ஒரு கட்டத்தில் பூச்சியம் வந்தே தீரும். ஆனால் எல்லாக் கோவைகளையும் ஒருசேரப் பூச்சியமாக்கும் பொதுவான எண் எதுவும் கிடையாது. பள்ளியில் எல்லோரும் போட்ட இந்தக் கணக்கின் இயல்பை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் கிடைப்பதுதான் இயற்கணிதத்தில் 'லோக்கலி நில்பொட்டன்ட் டெரிவேஷன்' எனப்படும் பொருள். இதில் 'லோக்கலி' என்பது இடத்தைக் குறிக்கவில்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்கே உரிய ஓர் எண் உண்டு என்பதைத்தான் சொல்கிறது. இங்கே இதைச் 'சுழிபடு வகையீடு' என்று சுருக்கி அழைக்கிறோம். மாறிகளை ய, ர, ல, ழ என்றும் வகையீட்டை ∂ என்றும் எழுதுகிறோம்.

வகையீடு என்றால் என்ன? கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய ஒரு தொகுப்பு வளையம்; இங்கே அது பல்லுறுப்புக்கோவைகளின் தொகுப்பு. வளையத்திலிருந்து அதே வளையத்துக்குச் செல்லும் ஒரு நேரியல் சார்பு, பெருக்கல் விதிக்குக் கட்டுப்பட்டால் அது வகையீடு:

∂(ம·ந) = ம·∂ந + ந·∂ம

பல்லுறுப்புக்கோவை வளையத்தில் மாறிகள் எங்கே போகின்றன என்று சொல்லிவிட்டால் போதும், மற்ற எல்லாக் கோவைகளின் கதியும் இந்த விதியால் தீர்மானமாகிவிடும். அதனால் ஒரு வகையீட்டை ஒரே வரியில் எழுதலாம்: ய → 0, ர → ய, ல → ர. ஒவ்வொரு கோவை ம-வுக்கும் ஏதோ ஓர் எண்ணிக்கைக்குப் பின் ∂-வைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூச்சியம் வரும் என்றால் ∂ சுழிபடு வகையீடு. பூச்சியத்துக்கு உடனே போகும் கோவைகளின் தொகுப்பு, அதாவது ∂ம = 0 ஆகும் ம-க்கள் எல்லாம் சேர்ந்தது, ∂-வின் உட்கரு. அது ஒரு உள்வளையம். சுழிபடு வகையீடா என்று பார்ப்பது பெரும்பாலும் சில வரிக் கணக்கு. உட்கருவைக் கண்டுபிடிப்பதோ, ஐந்து மாறிகளிலேயே முடிவற்ற வேலையாகிவிடக்கூடும். இந்த இடைவெளிதான் இந்தத் துறையின் உயிர்நாடி.

முதலில் சரிபார்ப்பு. எல்லாக் கோவைகளையும் சோதிக்கத் தேவையில்லை, மாறிகளைச் சோதித்தால் போதும். ∂-வை மூன்று முறை போட்டால் ம பூச்சியம், நான்கு முறை போட்டால் ந பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கற்பலன் ம·ந-மீது ∂-வை ஆறு முறை போட்டால், விரிவில் வரும் ஒவ்வோர் உறுப்பிலும் ம மூன்று முறையாவது வகையிடப்பட்டிருக்கும் அல்லது ந நான்கு முறையாவது வகையிடப்பட்டிருக்கும். ஆகவே எல்லாமே பூச்சியம். மேலே சொன்ன ய → 0, ர → ய, ல → ர என்பதில் ல மூன்றாவது அடியில் பூச்சியமாகிறது, ஆகவே அது சுழிபடு வகையீடு. பொதுவாக ஒவ்வொரு மாறியும் தனக்கு முந்தைய மாறிகளில் மட்டும் எழுதப்பட்ட கோவைக்குப் போனால் அது தானாகவே சுழிபடும். இதை முக்கோண வகையீடு என்பார்கள்.

எங்கே தவறு நேரும்? முதல் பொறி, கூட்டல். ய → ர, ர → 0 என்பது சுழிபடும். ய → 0, ர → ய என்பதும் சுழிபடும். இரண்டையும் கூட்டினால் ய → ர, ர → ய. இது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுழிபடு வகையீடுகளின் கூட்டல் சுழிபட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெருக்கலிலும் கவனம் வேண்டும். ∂-வை ஒரு கோவையால் பெருக்கினால், அந்தக் கோவை உட்கருவில் இருந்தால் மட்டுமே விளைவு சுழிபடும்.

ஒரு வகையீடு சுழிபடாது என்று காட்டக் கைக்கு வாகான ஒரு சோதனை உண்டு. ∂-வை ஒரு முறையோ பல முறையோ போட்ட பிறகு கிடைப்பது முதலில் எடுத்த ம-வின் பெருக்கமாகவே இருந்து, அது பூச்சியமும் இல்லை என்றால் ∂ சுழிபடாது. மேலே பார்த்த சுற்றில் ∂²ய = ய, ஆகவே ஒரே பார்வையில் நிராகரிக்கலாம். ய → ய² என்பதும் இப்படியே விழும். இன்னொரு விரைவுச் சோதனை டைவர்ஜென்ஸ்: ஒவ்வொரு மாறியும் எந்தக் கோவைக்குப் போகிறதோ அதை அதே மாறியைப் பொறுத்துப் பகுதி வகையிட்டுக் கூட்டுங்கள். சுழிபடு வகையீட்டுக்கு இந்தக் கூட்டுத்தொகை பூச்சியமாகத்தான் இருக்கும். பூச்சியம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது, அது தேவையான நிபந்தனை மட்டுமே. ய → ய, ர → −ர என்பதற்கும் டைவர்ஜென்ஸ் பூச்சியம்தான், அது சுழிபடுவதில்லை.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் அடிப்படை ஒரு படி எண். ம-வின் மீது ∂-வைப் பூச்சியம் வராமல் அதிகபட்சம் எத்தனை முறை போடலாமோ, அதை ∂-வின் வழியான ம-வின் படி என்போம். பெருக்கினால் படிகள் கூடும். காரணம், ம-வின் படி 2, ந-வின் படி 3 என்றால் ∂⁵(ம·ந) = 10·∂²ம·∂³ந. அந்த 10 பூச்சியமல்ல, மற்ற இரண்டும் பூச்சியமல்ல, ஆகவே பெருக்கற்பலனும் பூச்சியமல்ல. இதிலிருந்து உடனே ஒரு நல்ல விளைவு: இரண்டு கோவைகளின் பெருக்கற்பலன் உட்கருவில் இருந்தால் (பூச்சியமாக இல்லாதவரை) இரண்டு கோவைகளுமே உட்கருவில் இருக்கும். உட்கருவில் உள்ள ஒன்றின் காரணிகளை வெளியே தேட வேண்டியதில்லை.

கெழுக்களின் களம் சிறப்பெண் பூச்சியம் கொண்டதாக (1-ஐ எத்தனை முறை கூட்டினாலும் பூச்சியம் வராததாக) இருக்க வேண்டும் என்று நூல்கள் வற்புறுத்துவது இந்த 10-க்காகத்தான். சிறப்பெண் 5 உள்ள களத்தில் 10 என்பது பூச்சியம். அங்கே சாதாரண வகையிடலே ய⁵ என்பதை 5·ய⁴ = 0 ஆக்கிவிடுகிறது. ய⁵ உட்கருவில் இருக்கிறது, அதன் காரணியான ய இல்லை. படி எண்ணும் காரணி விதியும் ஒருசேரச் சரிந்துவிடுகின்றன. மேலும் அடுத்து வரப்போகும் அடுக்குக்குறித் தொடரில் 1/5! தேவைப்படும், அதுவும் அங்கே கிடையாது. அதனால் பகா எண் சிறப்பெண்ணில் ஒற்றை வகையீட்டை விட்டுவிட்டு, அந்தத் தொடரின் எல்லா உறுப்புகளையும் சேர்த்தே ஒரு பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை அடுக்குக்குறிச் சார்பு என்பார்கள்.

அந்தத் தொடர் இதுதான்:

ம + ∂ம + ∂²ம/2 + ∂³ம/6 + …

பகுப்பாய்வில் இப்படி ஒரு தொடரைப் பார்த்தால் ஒருங்குமா என்று கேட்போம். இங்கே அந்தக் கேள்வியே எழுவதில்லை. ∂ சுழிபடுவதால் தொடர் சில உறுப்புகளோடு நின்றுவிடுகிறது. ம-வை இந்தக் கூட்டுத்தொகைக்கு அனுப்பும் சார்பு வளையத்தின் ஓர் ஆட்டோமார்ஃபிசம், அதாவது கூட்டலையும் பெருக்கலையும் காத்து, தலைகீழும் உள்ள சார்பு. ∂-வுக்குப் பதில் −∂ போட்டால் அதன் தலைகீழ் கிடைக்கும். ஒவ்வோர் உறுப்பிலும் கால அளவு போன்ற ஒரு மாறியைச் சேர்த்துவிட்டால், களத்தின் கூட்டல் குலம் (களத்தின் எண்கள், கூட்டலோடு) மாறிகளை ஆயங்களாகக் கொண்ட வெளியில் செயற்படும் ஒரு வழி கிடைக்கிறது. மறுதலையும் உண்மை: சிறப்பெண் பூச்சியத்தில் அப்படிச் செயற்படும் ஒவ்வொரு வழியும் ஒரே ஒரு சுழிபடு வகையீட்டிலிருந்து வருகிறது. வடிவியலாளர்களுக்கு இது ஓட்டம், இயற்கணிதத்தாருக்கு வகையீடு.

இந்தப் பாலத்தின் பயனைக் காட்ட மசயோஷி நகாத்தாவின் 1972 எடுத்துக்காட்டைவிடச் சிறந்தது இல்லை. ய → −2·ர, ர → ல, ல → 0 என்று ஒரு முக்கோண வகையீடு எடுங்கள். க = ய·ல + ர² என்றால் ∂க = −2·ர·ல + 2·ர·ல = 0. க உட்கருவில் இருப்பதால் க·∂ என்பதும் சுழிபடும். அதன் அடுக்குக்குறி:

ய → ய − 2·ர·க − ல·க²
ர → ர + ல·க
ல → ல

இது மூன்று மாறிகளில் ஓர் ஆட்டோமார்ஃபிசம். நேரியல் மாற்றங்களையும், ஒரு மாறியோடு மற்ற மாறிகளின் கோவையைக் கூட்டும் எளிய மாற்றங்களையும் அடுத்தடுத்துச் செய்து இதை அடைய முடியாது என்று நகாத்தா ஊகித்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2004-இல் வெளியான ஐவன் ஷெஸ்தகோவ், உவால்பாய் உமிர்பாயெவ் இருவரின் கட்டுரைகள் அதை நிறுவின. ஆனால் நான்காவதாக ஒரு மாறியைச் சேர்த்து, அதை அசையாமல் வைத்துக்கொண்டால் அதே ஆட்டோமார்ஃபிசம் எளிய மாற்றங்களாக உடைந்துவிடுகிறது. இதை மார்த்தா ஸ்மித் 1989-இல் காட்டினார்.

இதே க·∂-வைக் கொண்டு ஹைமன் பாஸ் 1984-இல் வேறொன்றைக் காட்டினார்: எந்த ஆயமாற்றம் செய்தாலும் இதை முக்கோணமாக்க முடியாது. நிறுவல் கண்ணால் பார்க்கக்கூடியது. ஓட்டத்தில் அசையாத புள்ளிகள் ய·ல + ர² = 0 என்ற கூம்பின் மீது இருக்கின்றன. முக்கோண வகையீட்டில் கடைசி மாறி எந்தக் கெழுவிலும் வராது. ஆகவே அதன் அசையாப் புள்ளிகள் எப்போதும் ஓர் உருளை, அதாவது அந்த மாறியின் திசையில் நீளும் கோடுகளின் தொகுப்பு. கூம்புக்கு ஒரே ஒரு கூர்முனை. உருளைக்குக் கூர்மை இருந்தால் ஒரு கோடு முழுவதும் இருக்க வேண்டும். ஆகவே கூம்பு உருளையாகாது.

இனி உட்கருவைக் கணக்கிடும் வேலை. இதற்கு முதலில் ஒரு 'லோக்கல் ஸ்லைஸ்' வேண்டும்: ∂த பூச்சியமல்ல, ∂²த பூச்சியம் என்னும்படியான ஒரு கோவை த. பூச்சியமல்லாத எந்தச் சுழிபடு வகையீட்டுக்கும் இது கிடைக்கும். உட்கருவில் இல்லாத ஏதாவது ஒன்றை எடுத்து, பூச்சியமாவதற்கு இரண்டு அடி முன்னால் நிறுத்திக்கொண்டால் போதும். த கையில் இருந்தால், எந்த ம-வையும் உட்கருவுக்குள் தள்ளும் ஒரு வாய்பாடு உண்டு. ஜாக் டிக்ஸ்மியேயின் பெயரால் வழங்குகிறது:

ம − ∂ம·(த/∂த) + (1/2)·∂²ம·(த/∂த)² − (1/6)·∂³ம·(த/∂த)³ + …

இதில் ∂த பகுதியில் வருகிறது. அதன் அடுக்கால் பெருக்கிப் பகுதியை நீக்கினால் உட்கருவின் ஓர் உறுப்பு கிடைக்கும். ∂த = 1 என்றே அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம். அப்போது வளையம் முழுவதும் உட்கருவின் மீது த என்ற ஒற்றை மாறியில் எழுதிய பல்லுறுப்புக்கோவை வளையம், ∂ என்பது த-வைப் பொறுத்த சாதாரண வகையிடல். யாக்கோபியன், அதாவது பகுதி வகைக்கெழுக்களின் அணிக்கோவை, 1 ஆகும் பல்லுறுப்புக்கோவை மாற்றத்துக்குப் பல்லுறுப்புக்கோவைத் தலைகீழ் உண்டு என்னும் யாக்கோபியன் ஊகம் இந்தச் சிறிய தேற்றத்தின் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு மாறிகளில் க, ச என்ற கோவைகளின் யாக்கோபியன் 1 என்றால், க-வோடு யாக்கோபியன் எடுக்கும் வகையீடு ச-வை 1-க்கு அனுப்புகிறது. அந்த வகையீடு சுழிபடும் என்று காட்டிவிட்டால் மேற்சொன்ன தேற்றமே மிச்சத்தை முடித்துவிடும். 1939-இல் கெல்லர் கேட்ட கேள்வி, இரு மாறிகளில், இவ்வளவுதான்: அது சுழிபடுமா?

பெரும்பாலும் ∂த = 1 அமையாது. ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நான்கு மாறிகள்: ய → 0, ர → ய, ல → ர, ழ → ல. த-வாக ர-வை எடுக்கலாம், ∂ர = ய. டிக்ஸ்மியே வாய்பாட்டில் ல-வையும் ழ-வையும் போட்டுப் பகுதியை நீக்கினால்:

க = 2·ய·ல − ர²
ச = 3·ய²·ழ − 3·ய·ர·ல + ர³

பலரும் இங்கே நின்றுவிடுவார்கள், ய, க, ச மூன்றும்தான் உட்கருவின் பிறப்பாக்கிகள் (கூட்டியும் பெருக்கியும் மற்ற எல்லா உறுப்புகளையும் உண்டாக்குபவை) என்று. அது தவறு. வாய்பாடு உறுதியளிப்பது, உட்கருவின் எந்த உறுப்பையும் ய-வின் போதுமான அடுக்கால் பெருக்கினால் அது இம்மூன்றில் எழுதப்படும் என்பதை மட்டுமே. பெருக்காமலேயே உட்கருவில் இருந்து, இம்மூன்றில் எழுத முடியாதவை இருக்கலாம். அவற்றைப் பிடிக்கும் வழியை அர்னோ வான் டென் எசன் 1993-இல் முறைப்படுத்தினார். ய = 0 என்று வையுங்கள். க என்பது −ர² ஆகிறது, ச என்பது ர³ ஆகிறது. இவற்றுக்கிடையே ஓர் உறவு முளைக்கிறது: க³ + ச² = 0. ஆகவே ய-வைத் திரும்ப உயிர்ப்பித்தால் க³ + ச² என்பது ய-வால் வகுபட வேண்டும். விரித்துப் பார்த்தால் ய²-ஆலேயே வகுபடுகிறது. ஈவு:

ட = 9·ய²·ழ² − 18·ய·ர·ல·ழ + 6·ர³·ழ + 8·ய·ல³ − 3·ர²·ல²

க³ + ச² = ய²·ட என்பதால், காரணி விதிப்படி ட-வும் உட்கருவில் இருக்கிறது. ட-வைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் ய = 0 வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது ட என்பது 6·ர³·ழ − 3·ர²·ல². இதில் புதிதாக ழ வந்துவிட்டதால் ட எந்த உறவிலும் கலந்துகொள்ள முடியாது. பழைய உறவைத் தவிரப் புதியது இல்லை. வேலை முடிந்தது: உட்கருவின் பிறப்பாக்கிகள் ய, க, ச, ட நான்கு. மாறிகள் கூடும்போது, உறவுகளைத் தேடும் இந்த அடியைக் கையால் செய்ய முடியாது. கிரோப்னர் பேசிஸ் (கோவைகளுக்கிடையேயான உறவுகளைக் கணக்கிடும் முறை) மென்பொருளைத்தான் நம்ப வேண்டும். த-வைத் தேர்ந்தெடுக்கும்போது ∂த மிக எளிய கோவையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது கணிசமான நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த ட பழைய நண்பர்தான். ஒரு முப்படிக் கோவையின் தன்மைகாட்டி, அதாவது டிஸ்கிரிமினன்ட். 19ஆம் நூற்றாண்டின் மாறாக்கோவைக் கோட்பாட்டினர் தேடித் தொகுத்த பட்டியல்கள் இப்படிச் சங்கிலியாக அமைந்த வகையீடுகளின் உட்கருக்களே. சங்கிலியில் 4 மாறிகள் என்றால் 4 பிறப்பாக்கிகள், 5 என்றால் 5, ஆனால் 6 மாறிகளில் 23, 7 மாறிகளில் 26. எண்ணிக்கை தாறுமாறாக ஏறினாலும் முடிவுறு எண்ணாகவே நிற்கும் என்பது ரோலண்ட் வைட்சன்பாக் 1932-இல் தந்த தேற்றம்: மாறிகளை நேரியலாக அனுப்பும் சுழிபடு வகையீட்டுக்கு, சிறப்பெண் பூச்சியத்தில், உட்கருவின் பிறப்பாக்கிகள் எப்போதும் முடிவுறு எண்ணிக்கையில் இருக்கும். அதே 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகத்தை நிறுவியவர், 1962-இல் இதற்குத் தெளிவான வடிவியல் நிறுவல் ஒன்றைத் தந்தார். கூட்டல் குலத்தின் செயற்பாட்டை, அணிக்கோவை 1 கொண்ட இரண்டுக்கு இரண்டு அணிகளின் குலத்துக்கு விரித்துவிட்டால், அந்தப் பெரிய குலத்துக்கு ஏற்கெனவே தெரிந்த முடிவுறு தன்மை இங்கே இறங்கிவந்துவிடும். சிறியதைப் புரிந்துகொள்ளப் பெரியதிடம் போகும் இந்த உத்தி இன்றும் பாடமாகச் சொல்லித்தரத் தக்கது.

நேரியல் என்ற நிபந்தனையை விட்டால்? டேனியல் டேகிளும் ஜீன் ஃப்ராய்டன்பர்க்கும் 1999-இல் ஐந்து மாறிகளில் தந்த வகையீட்டைப் பாருங்கள். மாறிகள் ய, அ, இ, உ, வ:

ய → 0, அ → ய³, இ → அ, உ → இ, வ → ய²

முக்கோண வகையீடுதான், பார்வைக்கு மிகச் சாது. உட்கருவில் என்ன இருக்கிறது? கையால் தேடினால்:

ய·வ − அ
ய·வ² − 2·அ·வ + 2·ய²·இ
ய·வ³ − 3·அ·வ² + 6·ய²·இ·வ − 6·ய⁴·உ

ஒவ்வொன்றையும் வகையிட்டுப் பாருங்கள், உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நான்காவதில் ஒரு தடை வருகிறது. இதே போக்கில் எழுதினால் கடைசியில் −24·ய⁶·உ எஞ்சுகிறது. அதை அடிக்க, உ-வுக்குப் போகும் இன்னொரு மாறி சங்கிலியில் இல்லை. ஆனால் அ·உ − இ²/2 என்பதை வகையிட்டால் ய³·உ வருகிறது. அதைக் கொண்டு சரிக்கட்டலாம்:

ய·வ⁴ − 4·அ·வ³ + 12·ய²·இ·வ² − 24·ய⁴·உ·வ + 24·ய³·அ·உ − 12·ய³·இ²

இப்படி வ-வின் ஒவ்வோர் அடுக்குக்கும், ய·(வ-வின் அந்த அடுக்கு) என்று தொடங்கும் ஓர் உட்கரு உறுப்பு உண்டு. எல்லா அடுக்குகளுக்கும் அது இருப்பதை நிறுவுவதுதான் கடினமான பகுதி. அதை ஏற்றுக்கொண்டால், பிறப்பாக்கிகள் முடிவற்றவை என்பதை அரைப் பக்கத்தில் காட்டிவிடலாம்.

முதலில், உட்கருவின் எந்த உறுப்பிலும் வ மட்டுமே கொண்ட உறுப்பு (மாறிலியைத் தவிர) வராது. வ⁷ வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை வகையிட்டால் 7·ய²·வ⁶ வருகிறது. இதை அடிக்க இன்னோர் இடத்திலிருந்து ய²·வ⁶ வர வேண்டும். அ-வை வகையிட்டு வருவதில் ய³ இருக்கும், இ-யிலிருந்து வருவதில் அ இருக்கும், உ-விலிருந்து வருவதில் இ இருக்கும். எதுவும் பொருந்தாது. ஆகவே வ⁷ வர முடியாது. இப்போது முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பாக்கிகள் இருந்தன என்று கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மாறிலியைக் கழித்துவிடுங்கள். அவற்றின் ஒவ்வோர் உறுப்பிலும் ய, அ, இ, உ நான்கில் ஒன்றாவது இருக்கும். இரண்டு பிறப்பாக்கிகளைப் பெருக்கினால் ஒவ்வோர் உறுப்பிலும் அந்த நான்கிலிருந்து குறைந்தது இரண்டு இருக்கும். ஆனால் ய·வ¹⁰⁰ என்பதில் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே அது பெருக்கலிலிருந்து வந்திருக்க முடியாது, ஏதோ ஒரு பிறப்பாக்கியிலேயே நேரடியாக இருந்திருக்க வேண்டும். எல்லா அடுக்குகளுக்கும் இதே கதை. முடிவுறு எண்ணிக்கையிலான பிறப்பாக்கிகளில் முடிவற்ற அடுக்குகள் அடங்காது.

வான் டென் எசனின் முறையை இதன்மீது ஓட்டினால் அது புதுப்புது உறுப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. நிற்காமல் ஓடும் கணினியைப் பார்த்து மட்டும் உட்கருவின் பிறப்பாக்கிகள் முடிவற்றவை என்று சொல்லிவிட முடியாது, அது மெதுவாகவும் இருக்கலாம். மேலே செய்ததுபோல ஒரு வாதம் தேவை. இத்தகைய உள்வளையங்களுக்கு எப்போதும் முடிவுறு எண்ணிக்கையில் பிறப்பாக்கிகள் உண்டா என்று ஹில்பர்ட் 1900-இல் எழுப்பிய பதினான்காம் கேள்வியின் பின்னணி இது. நகாத்தா 1958-இல் 32 மாறிகளில் முதல் எதிர்மறை எடுத்துக்காட்டைத் தந்தார், ஆனால் அதில் செயற்படுவது கூட்டல் குலத்தின் பல பிரதிகள். பால் ராபர்ட்ஸ் 1990-இல் 7 மாறிகளில் வேறு வழியாக ஒன்றைக் கட்டினார். அது ஒற்றைச் சுழிபடு வகையீட்டின் உட்கருவே என்று அன்னெட் அகாம்போ-நொயன் 1994-இல் காட்டினார்: மூன்று மாறிகள் பூச்சியத்துக்கு, அடுத்த மூன்று அவற்றின் கனங்களுக்கு, ஏழாவது மாறி அம்மூன்றின் பெருக்கற்பலனின் வர்க்கத்துக்கு. சுழிபடு வகையீடுகளில், மேலே பார்த்த 5 மாறிகள் கொண்டதுதான் இதுவரை கிடைத்தவற்றில் மிகச் சிறியது.

ஐந்துக்குக் கீழே? ஒரு மாறியில் பேச ஒன்றுமில்லை, மாறியை ஒரு மாறிலிக்கு அனுப்பும் வகையீடு மட்டுமே சுழிபடும். இரண்டு மாறிகளுக்கு ரென்ட்ஷ்லர் 1968-இல் முழு விடை தந்தார்: ஆயங்களைச் சரியாக மாற்றிக்கொண்டால் எல்லாச் சுழிபடு வகையீடுகளும் ய → 0, ர → (ய-வில் ஒரு கோவை) என்ற வடிவுக்கு வந்துவிடும். இதிலிருந்து, இரு மாறி ஆட்டோமார்ஃபிசங்கள் எல்லாம் எளிய மாற்றங்களின் தொடர் என்ற யுங்கின் 1942 தேற்றமும் கிடைத்துவிடுகிறது. மூன்று மாறிகளில் பிறப்பாக்கிகள் முடிவுறும் என்பது ஜாரிஸ்கியின் 1954 முடிவிலிருந்தே வரும். மியானிஷி 1985-இல் அதைவிடக் கூர்மையாகச் சொன்னார்: சிக்கலெண்களின் மீது, பூச்சியமல்லாத சுழிபடு வகையீட்டின் உட்கரு எப்போதும் இரண்டு பிறப்பாக்கிகள் கொண்ட பல்லுறுப்புக்கோவை வளையமே.

இரண்டு பிறப்பாக்கிகள்தானே என்று மூன்று மாறிகளை எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஃப்ராய்டன்பர்க் 1998-இல் தந்த எடுத்துக்காட்டில் பிறப்பாக்கிகளின் படிகள் 2, 5:

க = ய·ல − ர²
ந = ய³ + ர·க
ச = ல·க² + 2·ய²·ர·க + ய⁵

விரித்துப் பார்த்தால் ய·ச = க³ + ந². முன்பு பார்த்த முப்படிச் சங்கிலியின் உறவும் இதே அச்சில்தான் இருந்தது. க-வையும் ச-வையும் பூச்சியத்துக்கு அனுப்பும் வகையீடு ய → −2·க·ந, ர → 6·ய²·ந − ச, ல → 2·ய·(5·ர·ந + க²). இது சுழிபடுமா என்று நேரடியாக மாறிகளைத் திரும்பத் திரும்ப வகையிட்டால் கோவைகள் பெருத்துக் கைமீறிவிடும். உறவைப் பயன்படுத்துங்கள்: ய·ச = க³ + ந² என்பதை வகையிட்டால் ∂ந = −க·ச, ஆகவே ∂²ந = 0. ந ஒரு லோக்கல் ஸ்லைஸ். பிறகு ய-வின் படி 2, ந = ய³ + ர·க என்பதால் ர-வின் படி 6, ய·ல = க + ர² என்பதால் ல-வின் படி 10. ல பதினோராவது அடியில் பூச்சியமாகிறது. இதன் உட்கருவில் ஆயமாக எடுக்கத் தக்க கோவை ஒன்றுகூட இல்லை. அதாவது எந்த ஆயமாற்றம் செய்தாலும் ஒரு மாறியை அசையாமல் நிறுத்த முடியாது. நான்கு மாறிகளில் முக்கோண வகையீடுகளுக்குப் பிறப்பாக்கிகள் முடிவுறும் என்று டேகிளும் ஃப்ராய்டன்பர்க்கும் 2001-இல் காட்டினார்கள், ஆனால் அவற்றின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு இல்லை. உட்கருவில் ஓர் ஆயம் இருக்கும் வகையீடுகளுக்குப் பட்வாடேகரும் டேகிளும் 2009-இல் அதையே நிறுவினார்கள். நான்கு மாறிகளில் பொதுவான விடை இன்னும் வரவில்லை.

சுழிபடு வகையீடுகளின் இன்னொரு பயன், ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வளையங்களைப் பிரித்தறிவது. ஒரு வளையத்தின் எல்லாச் சுழிபடு வகையீடுகளின் உட்கருக்களுக்கும் பொதுவான பகுதியை எடுங்கள். பல்லுறுப்புக்கோவை வளையத்தில் மாறிலிகள் மட்டுமே மிஞ்சும், ஒவ்வொரு மாறியையும் வகையிட ஒரு வகையீடு இருக்கிறதே. ய + ய²·ர + ல² + ழ³ = 0 என்ற பரப்பு, கோராஸ்–ரஸ்ஸல் முப்படி, இடவியலாகப் பார்த்தால் சிக்கலெண்களின் முப்பரிமாண வெளியிலிருந்து பிரித்தறிய முடியாதது. அதன் வளையத்தில் ய → 0, ழ → 0, ல → ய², ர → −2·ல என்பது ஒரு சுழிபடு வகையீடு. ய → 0, ல → 0, ழ → ய², ர → −3·ழ² என்பது மற்றொன்று. இரண்டிலும் ய பூச்சியத்துக்குப் போகிறது. எல்லாவற்றிலும் அப்படித்தான் போகும் என்று லியோனிட் மகார்-லிமனோவ் 1996-இல் நிறுவினார். பொதுப்பகுதியில் மாறிலிகளோடு ய-வும் மிஞ்சுவதால் இந்த வளையம் மூன்று மாறிப் பல்லுறுப்புக்கோவை வளையம் ஆகாது. பகா எண் சிறப்பெண்ணில், அடுக்குக்குறிச் சார்புகளைக் கொண்டு இதே வகைச் சிந்தனையில்தான் நீனா குப்தா 2014-இல் ஜாரிஸ்கியின் நீக்கல் கேள்விக்கு முப்பரிமாணத்தில் எதிர்மறை விடை தந்தார்: ஒரு மாறியைச் சேர்த்தால் நான்கு மாறி வளையமாகிவிடும், ஆனால் தான் மட்டும் நின்றால் மூன்று மாறி வளையம் ஆகாத ஒன்று.

சிறப்பெண் பூச்சியத்தில் அந்தக் கேள்வி முப்பரிமாணத்திலும் அதற்கு மேலும் திறந்தே கிடக்கிறது. கோராஸ்–ரஸ்ஸல் முப்படியோடு ஒரு மாறியைச் சேர்த்தால் நான்கு மாறி வளையம் கிடைக்குமா என்று கேட்டால், மகார்-லிமனோவின் கருவி கைகொடுக்காது. மாறியைச் சேர்த்த உடனே ய-வை அசைக்கும் சுழிபடு வகையீடுகள் தோன்றிவிடுகின்றன, பொதுப்பகுதியில் மாறிலிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. இதை அட்ரியன் டுபூலோ 2009-இல் காட்டினார்.